அங்காதிபாதம் முதல் சூலகம் வரை: தமிழில் உயிரியல் வந்த வழி

இடைநிலை வகுப்புக்கு வரும் எமது மாணவிகள் முதலாண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் அங்கி, சூழல் என்ற சொற்களைக் கற்கிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கலம், இழையம், தொகுதி என்பனவும், ஒளித்தொகுப்பு, சுவாசம் என்பனவும் வருகின்றன. இவை என்றும் பாடநூலில் இருந்த சொற்கள் போலவே அவர்களுக்குத் தோன்றும். உண்மையில் இச்சொற்கள் ஒரு பெண்பிள்ளையின் மேசைக்கு வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எடுத்தன. அந்தப் பயணம் தொடங்கிய இடமும் தூரத்தில் இல்லை. குறிகட்டுவானிலிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச்சேரக்கூடிய மானிப்பாயே அது. எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பதிவு செய்வது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்திய சேவையையும் மருத்துவக் கல்வியையும் ஆரம்பித்தார். இன்றைய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அதன் தொடர்ச்சியே. ஆரம்பத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதையும், கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றி இருப்பதையும் அவர் கண்டார். கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்பவர்கள் வேண்டுமென்றால் கிராமத்தின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்று 1862இல் திரும்பி வந்தபின், 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. மொழிபெயர்க்க அவர் முதலில் எடுத்த நூல்களுள் ஒன்று கல்வின் கட்டர் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலாகும். அது மருத்துவ மாணவர்களுக்கென்று மட்டும் எழுதப்பட்ட பெரும் நூலன்று. கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் என எழுதப்பட்டது. 1850களில் அது அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்ற பெயர்களோடு தமிழுக்கு வந்தது. அங்காதிபாதம் என்றால் உடலமைப்பு, சுகரணவாதம் என்றால் உடற்றொழிலியல், உற்பாலனம் என்றால் சுகாதாரம். இன்று இச்சொற்கள் எமக்கு அந்நியமாகத் தோன்றினாலும், தமிழில் அச்சான முதல் உயிரியற் பாடநூல்களின் வரிசையில் அந்நூலுக்கு இடமுண்டு.

அதைத் தொடர்ந்து 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் பலவற்றை மொழிபெயர்த்தவர்கள் அவருடைய மாணவர்களே; கிறீன் அவற்றைப் பார்த்துத் திருத்தினார். 1873இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பிய பின்னரும் அவர் அந்த வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' வெளியானது 1883இல். அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

கலைச்சொல் ஆக்குவதற்கு அவர் வைத்திருந்த முறை எளிமையானது. தமிழில் ஏற்கெனவே சொல் இருந்தால் அதை எடுப்பது; இல்லாவிடின் சமஸ்கிருதத்தில் தேடுவது; அங்கும் இல்லாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இரண வைத்தியம் எமது பரியாரிமாருக்கு முன்பே பழக்கமான பெயர். கெமிஸ்தம் மூன்றாவது வழியில் வந்தது. இன்று நாம் 'ஒட்சிசன்', 'ஓமோன்' என்று எழுதுவதும் அதே வழிதான்.

இந்தப் பெருமைக்குள் ஒரு குறையும் உண்டு. கிறீனிடம் மருத்துவம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர் என்பர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆண்கள். பிரசவத்தைப் பற்றித் தமிழில் நூல் இருந்தது. அதைப் படித்துப் பட்டம் பெறப் பெண்ணுக்கு வழி இருக்கவில்லை. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியின் கைக்கு அந்தப் புத்தகம் போகவில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை தோன்றியது 1898இல். 1870இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரியில் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. கிறீனுக்குப் பின் தமிழ் வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அவருடைய நூல்கள் அலுமாரிகளுக்குள் போயின. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கே அவர் பெயரை மீண்டும் நினைவூட்ட, 1967இல் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுத வேண்டியிருந்தது.

அறுந்த நூல் மறுபடி முடிச்சிடப்பட்டது இலவசக் கல்வி வந்த பின்னரே. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வி கீழ்வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலே ஏறியது. விஞ்ஞான பாடங்களுக்கு அது சற்றுப் பிந்தியே வந்தது. காரணம் பழைய காரணமேதான்: சொல்லும் இல்லை, புத்தகமும் இல்லை. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும், பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் அந்த இடைவெளியை நிரப்பின. கலம், இழையம், இழையுருமணி, நிறமூர்த்தம், நொதியம், சதையி போன்ற சொற்கள் அவ்வாறு எமது வகுப்பறைகளில் நிலைபெற்றவை. தமிழ்நாட்டுப் பிள்ளை 'செல்', 'திசு' என்று படிப்பதை எமது பிள்ளை 'கலம்', 'இழையம்' என்று படிக்கிறாள்.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இன்னொரு முக்கியமான வேலையைச் செய்தது. இடைநிலை வகுப்புகளில் ஒன்றிணைந்த விஞ்ஞானம் எல்லோருக்கும் பொதுப்பாடமாயிற்று. ஆய்வுகூட வசதியுள்ள பெரிய கல்லூரிகளில் சிலர் மட்டும் படித்த பாடம், தீவகத்துச் சிறிய பாடசாலையின் பெண்பிள்ளைக்கும் உரியதாயிற்று. 1980 முதல் பாடநூலும் இலவசமாகக் கிடைத்தது. கட்டர் 'குடும்பங்களுக்கு' என்று எழுதிய அறிவு குடும்பங்களுக்குள் உண்மையாகவே நுழைந்தது அந்தப் பிள்ளைகளின் புத்தகப்பை வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

எனது தலைமுறை அந்தப் பாடத்தைப் படித்தது 1990களில். தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த காலம் அது. மின்சாரம் இல்லை, போத்தல் விளக்கில் படித்தோம். நுணுக்குக்காட்டியைப் படத்தில் மாத்திரம் பார்த்தோம். வெங்காயத் தோலின் கலத்தை எமது ஆசிரியை கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டினார். ஆனால் அவரிடம் வேறோர் ஆய்வுகூடம் இருந்தது. ஆண்பனையையும் பெண்பனையையும் காட்டி, பூவின் பால் என்ன என்று விளங்கப்படுத்தினார். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கண்டலின் சுவாச வேரைக் காட்டினார். கடலட்டை மீன் இனமல்ல, நட்சத்திர மீனுக்கு உறவு. கடற்பசு மீனல்ல, பால் கொடுக்கும் முலையூட்டி. நெடுந்தீவின் பெருக்கு மரம் தன் பருத்த தண்டில் நீரைச் சேமிக்கிறது. இவையெல்லாம் தமிழிலேயே சொல்லப்பட்டதால், வீட்டுக்குப் போய் ஆச்சிக்கும் சொல்ல முடிந்தது.

பின்னர் உயர்தரத்தில் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகத் தமிழிற் படித்தோம். மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலமாயிற்று. அந்த மாற்றம் எளிதாக இருக்கவில்லை. என்றாலும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது பெயர்களையே. பொருள் ஏற்கெனவே விளங்கியிருந்தது. வைத்தியரான பின் அந்தத் தமிழ்ச் சொற்கள் திரும்பவும் தேவைப்பட்டன. ஏனென்றால் நோயாளி ஆங்கிலத்தில் நோவதில்லை.

ஒருமுறை கிளினிக்குக்கு வந்த தாயொருவருக்கு, சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கிறது என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பூவில இருக்கிற சூலகம் மாதிரியோ, டொக்டர்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். செவ்வரத்தம் பூவை நெடுக்காகப் பிளந்து பெயர் குறித்த பாடம் அவருக்கு மறக்கவில்லை. ஓமம்மா, அதே வேலைதான், என்று தொடங்கி மிச்சத்தையும் படம் கீறி விளங்கப்படுத்தினேன். பயந்து வந்தவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். சத்திரசிகிச்சை பற்றித் தானே முடிவெடுத்தார். சூல் என்பது கருப்பத்துக்கு எமது முன்னோர் வழங்கிய சொல். அதிலிருந்து சூலகம் என்று பெயர் வைத்து, பூவுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்லைப் பொதுவாக்கியவர்கள் எவரோ, அந்தத் தாய்க்கு அன்று பெரிய உதவி செய்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனித இனப்பெருக்கப் பாடம் வரும்போது "வீட்டில் வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கம் பல பாடசாலைகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பாடத்தை வகுப்பில் கேளாத பெண்கள் மாதவிடாய்க் கோளாறை வருடக்கணக்காக மறைத்து வைத்துவிட்டு, பிந்தி வருகிறார்கள். 1857இல் புத்தகம் இருந்தும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இன்று புத்தகம் அவளுடைய கையிலேயே இருக்கிறது. அதைத் திறந்து வாசித்து விளக்க ஓர் ஆசிரியை வேண்டும். நாம் வெட்கப்பட்டுத் தவிர்க்கும் அந்த ஒரு பாடவேளை, பின்னாளில் ஓர் உயிரின் விலையாகலாம்.

2001 முதல் சில பாடசாலைகளில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்கும் வாய்ப்பு மீண்டும் வந்துள்ளது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் எமது பிள்ளைகளுக்கு அவசியம். ஆனால் மருத்துவ பீடம் போகப்போகும் ஒருத்திக்காக மட்டும் உயிரியல் கற்பிக்கப்படுவதில்லை. அதே வகுப்பில் இருக்கும் மற்றவர்கள் தாய்மாராகவும், தாதியராகவும், குடும்பநல உத்தியோகத்தர்களாகவும், கடற்றொழிலாளர் வீட்டுத் தலைவிகளாகவும் வரப்போகிறார்கள். அவர்களுக்கும் தம் உடலைத் தம் மொழியில் அறியும் உரிமை உண்டு.

கடல் கடந்தும் வாழும் எம் பழைய மாணவியர் நூற்றாண்டு நினைவாகப் பல உதவிகளைச் செய்ய முன்வந்துள்ளார்கள். கட்டடங்களோடு சேர்த்து, இடைநிலை வகுப்பு விஞ்ஞான அறைக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவும், தீவகத்துக்கு வந்துபோகும் விஞ்ஞான ஆசிரியைக்குத் தங்குமிட வசதியும் தர முடியுமானால் அது காலத்தால் செய்த உதவியாகும். மாலைப் படகுக்காக ஆசிரியையும் மாணவிகளும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓட வேண்டியிருக்கும் நாட்களில், செய்முறைப் பாடம்தான் முதலில் கைவிடப்படுகிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. கலத்தைப் படத்தில் மட்டும் பார்த்த எங்களுக்கு அடுத்து வரும் தங்கைகளாவது அதை நேரிற் பார்க்கட்டும்.