உடலில் கரையும் வடிவ நினைவு பாலிமர்: வலிமையும் ஆயுளும் தீர்மானிக்கப்படுவது எப்படி?

அறுவை சிகிச்சையில் காயத்தைத் தைக்கும் முடிச்சு அளவுக்கு மீறி இறுகினால், இரத்த ஓட்டமின்றி அவ்விடத்துத் திசு அழியக்கூடும். தளர்ந்தால் காயத்தின் வாய் மூடாது. சற்றே வெப்பமூட்டியதும் தானாக இறுகி, பணி முடிந்தபின் உடலிலேயே சிதைந்து மறையும் நூல் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அதற்கு அடிப்படை, உயிரிச்சிதைவுறும் வடிவ நினைவு பாலிமர்கள்.

செயல்படும் விதம்

இவ்வகைப் பாலிமரை வெப்பமூட்டி நீட்டி, அதே நிலையில் குளிர்வித்தால் தற்காலிக வடிவில் நிலைத்துவிடும். மீண்டும் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் மூல வடிவுக்குத் திரும்பும். மூலக்கூறுச் சங்கிலியின் கடினப் பகுதி மூல வடிவைக் காக்கிறது; மென்பகுதி தற்காலிக வடிவைப் பூட்டி, வெப்பத்தில் விடுவிக்கிறது.

ஆண்ட்ரியாஸ் லெண்ட்லைன், ராபர்ட் லாங்கர் ஆகியோர் 2002-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் இத்தகைய பாலிமரை விவரித்தனர். பாரா-டையாக்சனோன் கடினப் பகுதியாகவும், கேப்ரோலாக்டோன் மென்பகுதியாகவும் அமைந்தன. தளர்வாக இடப்பட்ட முடிச்சு, 40 டிகிரி செல்சியஸில் சுமார் 20 விநாடிகளில் இறுகியது. எலியின் காயத்திலும் இந்நூல் சோதிக்கப்பட்டது.

மாற்றியமைக்கும் வழிகள்

கடினப் பகுதியின் விகிதத்தைக் கூட்டினால் விறைப்பு கூடும். நீளும் திறன் குறையும். கேப்ரோலாக்டோன் சங்கிலியின் நீளம், வடிவம் மாறும் வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளைச் செறிவாக்குவது மற்றொரு வழி.

மூலப்பொருள் தேர்வும் முக்கியம். பாலிலாக்டிக் அமிலம் விறைப்பானது. ஏறத்தாழ 60 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். அதன் சங்கிலியில் கேப்ரோலாக்டோனைச் சேர்க்கச் சேர்க்க, பொருள் மென்மையாகி, இளகும் வெப்பநிலையும் தாழும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும்

இப்பண்புகளைத் தனித்தனியே திருத்த இயலாததே பெரும் சவால். பாலிகேப்ரோலாக்டோன் முற்றிலும் சிதைய ஈராண்டுகளுக்கு மேல் ஆகலாம். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் சம விகிதத்தில் சேர்ந்த பாலிமரோ ஓரிரு மாதங்களிலேயே பெருமளவு சிதைந்துவிடும். எனவே விறைப்புக்காகக் கலவையை மாற்றினால், கரையும் காலமும் மாறிவிடுகிறது.

மேலும், உடலின் ஈரம் சங்கிலிகளுக்குள் புகுந்து சில பாலிமர்களின் இளகும் வெப்பநிலையைத் தாழ்த்துகிறது. எடை குறைவதற்கு முன்பே வலிமை குன்றிவிடுவதும் உண்டு. நூல் கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தாலும் காயத்தைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். நுண்ணுயிர் நீக்கத்திற்கு வழக்கமாகப் பயன்படும் 121 டிகிரி நீராவியோ, தற்காலிக வடிவைச் சிகிச்சைக்கு முன்பே குலைத்துவிடும்.

ஆகவே, இப்பாலிமரின் தரத்தை ஆய்வகத்தில் உலர்ந்த நிலையில் பெறும் வலிமையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. உடல் வெப்பத்திலும் ஈரத்திலும், காயம் ஆறும் நாள்வரை அது எவ்வளவு வலிமையைத் தக்கவைக்கிறது என்பதே உண்மையான அளவுகோல்.