தலையாட்டியும் மார்புக் கமராவும்

யாழ்ப்பாணத்தில் 1980களில் வாழ்ந்த எவருக்கும் ‘தலையாட்டி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள் வரிசையாக நடத்தப்படுவர். எதிரே முகம் மூடப்பட்ட ஒருவர் இருத்தப்பட்டிருப்பார். கண்களுக்கு மட்டும் இரண்டு துவாரங்கள். அவர் தலையை அசைத்தால் ட்ரக் வண்டி, அசைக்காவிட்டால் வீடு. அவர் யார், எதைக் கண்டார், எவருக்குப் பயந்து தலையசைத்தார் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. பார்க்கும் கண் இருந்தது. பதில் சொல்லும் வாய் இருக்கவில்லை.

இன்று பொலிஸாரின் மார்பில் பொருத்தும் சிறு கமராவைப் பற்றி உலகெங்கும் பேசப்படுகிறது. யார் முதலில் கையை ஓங்கினார், யார் என்ன சொன்னார் என்ற சச்சரவுகளைப் படமே தீர்த்துவைக்கும். அதிகாரியும் பொறுப்புச் சொல்வார். பொதுமகனும் பொய் சொல்லமாட்டார் என்பது எதிர்பார்ப்பு. இந்த எதிர்பார்ப்பைக் கரவெட்டியையும் அதன் அயலையும் வைத்து உரசிப் பார்க்கலாம். ஏனெனில், கமரா இல்லாத காலத்தில் சாட்சியம் என்பதன் பெறுமதியை விலைகொடுத்துக் கற்ற மண் அது.

1987 மே 26இல் வடமராட்சியில் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியது. பெருந்தொகையான இளைஞர்கள் பிடிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டு காலி பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாகி, ஜூலை 5இல் தற்கொலைத் தாக்குதலுக்கும் உள்ளாகியது. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வடக்கில் பிரஜைகள் குழுக்கள் செயற்படத் தொடங்கியிருந்தன. அவற்றின் இணைப்புக் குழுவுக்கு 1980களின் நடுப்பகுதியில் தலைமை வகித்தவர் கரவெட்டியைச் சேர்ந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011). கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த அவர் எமது வாசகர்களுக்கு அந்நியரல்லர். ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் மதகுருமாரும் கூடிய அக்குழுக்கள் பிடிக்கப்பட்டவனின் விபரங்களோடு முகாம் வாசலுக்குப் போய் நின்றன. துப்பாக்கிக்கு எதிரே ஒரு கொப்பியும் பேனையும். தலையாட்டி முகத்தை மறைத்தான். இவர்கள் தம் முகத்தையும் பெயரையும் காட்டிப் பேசினார்கள். சாட்சிக்குப் பெறுமதி தருவது இந்த வேறுபாடுதான்.

1989 ஓகஸ்ட் முதல் வாரத்தில் வல்வெட்டித்துறையில் இந்திய அமைதிப்படை பொதுமக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோதும் இதுவே நடந்தது. அவ்வூர்ப் பிரஜைகள் குழு சத்தியக் கடதாசிகளைச் சேகரித்தது. அவை பின்னர் நூலாகவும் வந்தன. கொன்றவர் தரப்பின் மறுப்பு அந்தக் கையெழுத்துகளின் முன் நிலைக்கவில்லை. ஆனாலும் எந்தச் சிப்பாயும் அதற்காகத் தண்டனை பெறவில்லை. சாட்சியம் உண்மையை நிறுவலாம். நீதியை வழங்க வேறொரு கை வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. புலிகளிடம் ‘நிதர்சனம்’ என்ற படப்பிடிப்புப் பிரிவு இருந்தது; தம் போர்களை அவர்கள் படமாக்கித் திரையிட்டார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்களிடமே கமராவும் இருந்தது. வெளியேறியவர்களிடம் ஞாபகம் மட்டுமே இருந்தது. அந்த ஞாபகம் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையாக அச்சேற 2011ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தொரு வருடங்களில் சாட்சிகள் பலர் மையித்தாகிவிட்டனர்.

இனி மார்புக் கமராவின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2005–2006இல் பொலிஸார் இதனைப் பரீட்சித்தனர். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறுநகரில் 2012இல் தொடங்கிய ஓராண்டுப் பரிசோதனையில் பொலிஸாருக்கெதிரான முறைப்பாடுகள் 88 சதவீதத்தால் குறைந்ததாகக் கூறப்பட்டது. அந்த எண்தான் கமராவை உலகெங்கும் கொண்டுசென்றது. ஆனால் வொஷிங்டனில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொலிஸாரை வைத்து நடத்திய ஆய்வு, கமரா அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை என 2017இல் அறிவித்தது. 2020 மே 25இல் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்டபோது பொலிஸார் கமரா அணிந்தே இருந்தனர். அப்படியிருந்தும் முதல் பொலிஸ் அறிக்கை அதனை ஒரு மருத்துவச் சம்பவம் என்றது. அந்தப் பொய்யை உடைத்தது தெருவில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கையடக்கத் தொலைபேசி. கனடாவின் ஸ்டீவ் மான் என்ற பொறியியலாளர், தானே கமராவை அணிந்து திரிந்தவர், மேலிருந்து பார்ப்பதையும் கீழிருந்து பார்ப்பதையும் வேறுவேறாகப் பிரித்தது இதனாலேயே.

எமது அனுபவமும் அதையே சொல்கிறது. 2018 மார்ச் திகன வன்செயலின்போது பொலிஸார் சிலர் மௌலவி ஒருவரைத் தாக்கிய காட்சி கண்காணிப்புக் கமராவில் பதிவாகியிருந்தது. அதனைப் பார்த்த ரொய்ட்டர் நிறுவனம் அந்த மாதமே உலகுக்கு அறிவித்தது. மாறாக, 2020 ஜூனில் தமிழகத்தின் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தபோது, நிலையத்தில் கமரா இருந்தது, பதிவு இருக்கவில்லை. அன்றாடம் தானாகவே அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதவான் கண்டறிந்தார். கமரா பேசாத இடத்தில் பேசியவர் அங்கு கடமையிலிருந்த ஒரு பெண் பொலிஸ். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய உயர்நீதிமன்றம் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் கமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் பேணுமாறு கட்டளையிட்டது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த இளைஞரின் வழக்கிலும், நாட்டை உலுக்கியது அரச கமரா எதுவுமல்ல. தனக்கு நேர்ந்ததை அவரே சொல்லும் வீடியோதான்.

முஸ்லிம்களின் நீதிமரபு இதனை முன்னரே அறிந்திருந்தது. சாட்சியின் நாணயத்தை விசாரிப்பதற்கென்றே காழிகளின் மன்றங்களில் ‘முஸக்கீ’ எனப்பட்டோர் இருந்தனர். முதலில் சாட்சி சோதிக்கப்பட்டார்; பின்னரே வழக்கு. இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. ஒலி, ஒளிப் பதிவை மன்றில் சமர்ப்பிக்க விரும்புபவர் 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அதனைப் பரிசோதிக்கவும் இடமளிக்க வேண்டும். படமும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே என்பது இதன் பொருள்.

ஆகவே மார்புக் கமராவைப் பற்றிக் கேட்கவேண்டியது அதன் விலையையோ தெளிவையோ அல்ல. அதனை நிறுத்தும் பொத்தான் யார் விரலில்? பதிவு பொலிஸ் நிலைய அலுமாரியிலா, சுயாதீனமான ஓரிடத்திலா? எத்தனை நாள் இருக்கும்? படம்பிடிக்கப்பட்டவர் பிரதி கேட்டால் கிடைக்குமா? கிடைக்காதெனில், முகத்தை மூடி எம்மை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கண்தான் புதிய சட்டையில் பொருத்தப்பட்டிருக்கும்.

நெல்லியடிச் சந்தியில் ஒருநாள் அந்தக் கமரா வந்து நிற்கலாம். அதன் முன் மறிக்கப்படும் கரவெட்டி இளைஞனுக்கும், யாழ்ப்பாணத்துக்கு மீண்டு கடை திறந்திருக்கும் முஸ்லிம் வியாபாரிக்கும் ஒரே உரிமை எழுத்தில் இருக்கவேண்டும்: என்னைப் பார்த்ததை நானும் பார்க்கவேண்டும். பிரஜைகள் குழுக்களின் கொப்பிகள் அந்த உரிமையை அன்றே வழங்கியிருந்தன.