இலையும் வரிசையும்

காய்கறிச் சாப்பாட்டுக்கு நம் பக்கத்தில் வழங்கும் பெயர் ‘சைவம்’. யாழ்ப்பாணத்தில் ‘மரக்கறி’ என்று ஒரு நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் அதைச் சொன்னால் சர்வர் விழிப்பார். வைஷ்ணவரும் சைவ ஹோட்டலில்தான் சாப்பிடுகிறார், ஜைனரும் அங்கேதான். ஓர் உணவின் பெயர் ஒரு சமயத்தின் பெயராக இருப்பதும், அந்தப் பெயருக்குள் ஒரு ஜாதி வரிசை மறைந்து நிற்பதும் தற்செயல் அல்ல. இப்போது பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விலக்கியவர்கள் தங்கள் உணவை ‘நனிசைவம்’ என்கிறார்கள். 1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸனும் அவர் கூட்டாளிகளும் ‘வீகன்’ என்ற வார்த்தையை உண்டாக்கியபோது, பழைய ‘வெஜிடேரியன்’ என்ற வார்த்தையின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு முதலையும் கடைசியையும் ஒட்டினார்கள். நாம் வெட்டவில்லை; பழைய பெயருக்கு ஓர் அடைமொழி சேர்த்துக்கொண்டோம். இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விவகாரம் அல்ல என்று நினைக்கிறேன்.

நான் இருக்கும் திருவக்கரைக்கு வருகிறவர்கள் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று வக்கிரகாளியம்மன். மற்றது கல்லாய்ப் போன மரங்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். 1781லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைக் குறித்து வைத்தார். சாப்பாட்டைப் பற்றி யோசிக்க இது பொருத்தமான ஊர் இல்லை. ஆனால் இங்கிருந்து வடமேற்கே செஞ்சி, வடகிழக்கே ஓமந்தூர், கிழக்கே ஆரோவில், தெற்கே வடலூர். கொல்லாமல் உண்பது, சேர்ந்து உண்பது என்ற இரண்டு யோசனைகள் தமிழ்நாட்டில் ஒன்றோடொன்று மோதிய சரித்திரத்தின் பெரும்பகுதி இந்த அரைநாள் பஸ் பயண வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், மேலும் கீழுமாகப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. அங்கே உள்ள பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு. இந்தப் பிரதேசத்தில் உணவைப் பற்றிய மிகப் பழைய சாசனங்களில் ஒன்று உண்ணாமையைப் பற்றியது. மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ் ஜைனர்கள் திண்டிவனம், செஞ்சிக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் நியமம் தவறாதவர்கள் கிழங்கு தொடுவதில்லை, சூரியன் சாய்ந்தபின் உண்பதில்லை. கொல்லாமையைத் தமிழில் அறமாக்கியதில் ஜைனர்களின் பங்கு பெரிது. அந்த அறம் பிற்பாடு ‘சைவம்’ என்ற பெயரில் பட்டா மாறியது. ஜைன அறம் அடிப்படையில் தனி மனிதனின் விரதம். என் இலையில் என்ன இருக்கக்கூடாது என்பது அதன் கேள்வி. பக்கத்து இலையில் சோறே இல்லையென்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் அன்னதானம் என்று பதில் சொன்னார்கள். தானம் நல்ல காரியம்தான். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

1867 மே மாதம் வடலூரில் ராமலிங்கர் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். ஊரார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. முந்தின ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் வடகோடியில் கஞ்சம் பகுதியைப் பஞ்சம் சூறையாடியிருந்தது. அடுப்பு மூட்டிப் பத்து வருஷம் ஆவதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசி என்பது உருவகமாக இல்லாத காலம். ராமலிங்கர் புலால் விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். புலால் மறுத்தவர்களை அகவினத்தார் என்றும் உண்பவர்களைப் புறவினத்தார் என்றும் பிரித்தவர். ஆனால் புறவினத்தாருக்கும் பசி தீர்க்கும் கடமை உண்டு என்றார். 1872ல் கட்டிய ஞானசபைக்குள் நுழையக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. தருமச்சாலையில் உட்கார நிபந்தனை கிடையாது. ஜாதி கேட்பதில்லை, நேற்று வீட்டில் என்ன தின்றாய் என்று கேட்பதில்லை. கொள்கையின் கறாரும் பந்தியின் தாராளமும் ஒரே மனிதரிடம் இருந்தன. இரண்டையும் அவர் ஒரே கட்டடத்தில் போட்டுக் குழப்பவில்லை.

இங்கிருந்து ஜொஹானஸ்பர்க் போவது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் சேர்ந்து உண்பது பற்றிய அடுத்த பெரிய சோதனையில் தமிழர்கள் இருந்தார்கள். 1910 மே 30ந் தேதி ஹெர்மன் காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையில்லாமல் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் மரங்கள் ஏராளம். குஜராத்திகள், தமிழர், தெலுங்கர். ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர். மாமிசம் பழகிய குடும்பங்களும் இருந்தன. கேட்டால் மாமிசம் கொடுக்கவும் காந்தி தயாராக இருந்தார். கலந்து பேசிய பிறகு அந்தப் பெண்கள் மரக்கறிக்குச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரே சமையற்கட்டு, ஒரே வரிசை, அவரவர் தட்டை அவரவரே கழுவுவது என்பவை பண்ணையின் விதிகள். இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்: உணவு பேச்சுக்கு உட்பட்டது, வரிசை பேச்சுக்கு உட்பட்டதல்ல. 1912ல் காந்தியும் காலன்பாக்கும் அங்கேதான் பாலை விட்டார்கள். பிரம்மச்சரியம் ஒரு காரணம், கல்கத்தாவில் மாட்டைக் கறக்கும் கொடூரம் பற்றிப் படித்தது இன்னொரு காரணம். வீகன் என்ற வார்த்தை பிறக்க இன்னும் 32 வருஷம் இருந்தது.

பத்து வருஷம் கழித்து அதே ஏற்பாடு தமிழ்நாட்டில் தலைகீழாயிற்று. வ.வே.சு. ஐயர் 1922ல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசியக் கல்வி, உடலுழைப்பு, தமிழ். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் ஒதுக்கி, முதல் தவணையாக 5,000 கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடுவது வெளியே தெரிந்தபோது பிரளயம். வரதராஜுலு நாயுடு ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுதினார், காரியதரிசி ஈ.வெ.ரா. மீதிப் பணத்தைத் தர மறுத்தார். 1925ல் காந்தியிடமும் வழக்குப் போயிற்று, அவர் சமரசம் தேடினார். டால்ஸ்டாய் பண்ணையில் வரிசையைப் பேச்சுக்கு உட்படுத்தாத மனிதர், இங்கே வரிசையைப் பேசித் தீர்க்கப் பார்த்தார். அந்த ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் இறந்தார். நவம்பரில் காஞ்சீபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறினார். தமிழ்நாட்டின் அரசியல் நூற்றாண்டு இரண்டு இலைகளை எங்கே போடுவது என்ற தகராறிலிருந்து திசை திரும்பியது. இலையில் என்ன பரிமாறப்பட்டது என்பது பற்றி அங்கே ஒரு தகராறும் இல்லை.

ஐயரை எளிதாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. அவர் ஜாதி வெறியர் அல்ல. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைத்த கௌரவமான மனிதர். அதுதான் பயங்கரம். கௌரவமான மனிதர்களின் தாட்சண்யத்தில்தான் பந்தி இரண்டாகிறது.

இப்போது ஓமந்தூர். தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காக அந்தக் குருகுலத்தில் அடிபட்ட பையன் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் என்று சுயமரியாதைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ரெட்டியார் காங்கிரஸை விட்டுப் போகவில்லை. 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அந்த ஆண்டே ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1949ல் பதவி விலகிய பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வள்ளலார் குருகுலம் என்று பெயர். அதே வார்த்தையை அவர் ஏன் எடுத்தார் என்று எந்தச் சரித்திரக்காரரும் கேட்டதாகத் தெரியவில்லை. சேரன்மாதேவியில் உடைந்துபோன சொல்லை எடுத்துக்கொண்டு போய், ஜாதி கேட்காத அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார் என்று நான் வாசிக்கிறேன். நிரூபணம் கேட்டால் என்னிடம் கிடையாது. அவர் போன பாதை இருக்கிறது.

வரிசைத் தகராறு அதோடு முடிந்துவிடவில்லை. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற வார்த்தையை அழிக்கப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. 1956ல் காமராஜும் 1982ல் எம்.ஜி.ஆரும் விரித்த பள்ளிக்கூடப் பந்திதான் நம் காலத்தின் மிகப் பெரிய சமபந்தி. 1989 முதல் அதில் முட்டையும் உண்டு. 2018ல் அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலித் பெண் சமைத்ததைத் தங்கள் குழந்தைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் ரத்து செய்தார்கள். அவர்கள் ஆட்சேபித்தது முட்டையை அல்ல, சமைத்த கையை.

ஆரோவில் 1968ல் தொடங்கியது. அதன் ஓரத்தில் 2003ல் இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோஸின் தம்பதிகள் 70 ஏக்கர் அரித்துப்போன செம்மண்ணில் ‘சாதனா ஃபாரஸ்ட்’ ஆரம்பித்தார்கள். மழைத்தண்ணீரை வரப்பு கட்டி நிறுத்துவது, இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களை நடுவது, பொதுச் சமையல், முழு வீகன் உணவு. பல தேசத்து இளைஞர்கள் சேர்ந்து நறுக்குகிறார்கள், சேர்ந்து கழுவுகிறார்கள். டால்ஸ்டாய் பண்ணையின் விதிகளை அறிந்தவனுக்கு இது புதிதல்ல. கேலி செய்வது சுலபம். நான் செய்யப்போவதில்லை, காரணம் பால்.

நம்முடைய ‘சைவ’த்தின் சுத்தம் மாட்டிலிருந்து வருவது. நெய் தீட்டைப் போக்கும், பஞ்சகவ்யம் பாவத்தைப் போக்கும். ஜாதிச் சுத்தத்தின் முழுச் சமையலும் பசுவின் மடியில் கட்டப்பட்டது. பாலையும் நெய்யையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் உணவுக்குத் தமிழில் ஜாதி முன்னோர் கிடையாது. கம்பங்கூழ், முருங்கைக்கீரை, கொள்ளு, கடலை: அதைச் சாப்பிட்டவர்கள் விரதத்தால் அல்ல, இல்லாமையால் சாப்பிட்டவர்கள். அதனால்தான் ‘நனிசைவம்’ என்ற பெயர் எனக்கு உறுத்துகிறது. புதிதாகப் பிறந்த ஒன்றைக் கொண்டுபோய்ப் பழைய கோத்திரத்தில் சேர்க்கிறது.

எதிர்வாதம் என் மேஜைக்கே வருகிறது. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் கறவை மாட்டுக் கடன் மனுக்களை நான்தான் பதிகிறேன். மனு போடுகிறவர்களில் அதிகம் பேர் நிலமில்லாத பெண்கள். சொஸைட்டியில் ஊற்றும் பால்தான் அவர்களுடைய ரொக்கம். அவர்களிடம் போய்ப் பாலை விடு என்பவன் முதலில் அவர்களுக்கு வேறு ரொக்கம் காட்ட வேண்டும். வீட்டுத் தோட்டமும் அப்படித்தான். அவரைப் பந்தலும் கூரைமேல் பூசணிக்கொடியும் கிணற்றடி முருங்கையும் இருந்தால் போதும் என்று எழுதுகிறார்கள். கிணற்றடி யாருடையது? 1971ல்தான் நிலக்காரன் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டமே வந்தது. இன்றும் ஊரைவிடக் காலனியில்தான் வீடுகள் நெருக்கம். கொடி படர இடமில்லை. காய்கறி வளர்ப்பது முதலில் நிலப் பிரச்னை, பிறகுதான் ருசிப் பிரச்னை.

ஆகவே புதிய கூட்டு வாழ்க்கைக்காரர்களிடம் இலையில் எது இல்லை என்று நான் கேட்க மாட்டேன். வரிசையில் யார் இல்லை, பாத்திரம் கழுவக் கூலிக்கு வருகிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், பக்கத்துக் கிராமத்துப் பெண் அந்தத் தோட்டத்துக்குக் களை எடுக்க மட்டும்தான் வருகிறாரா என்று கேட்பேன். இதற்கு ஒழுங்கான பதில் சொல்கிறவர்களின் மற்ற நியமங்களை, பால் உட்பட, மரியாதையோடு விவாதிக்கலாம்.

வடலூரில் இரண்டு வாசல் இருக்கின்றன. ஒன்றில் நிபந்தனை உண்டு, மற்றதில் இல்லை. நிபந்தனை உள்ள வாசல் 1872ல் வந்தது. அடுப்பு அதற்கு ஐந்து வருஷம் முந்தியது.