வான்குடை விரிந்துவிட்டது, இனி என்ன? புதிய ஸ்கைடைவர்கள் கற்கவேண்டிய முக்கியப் பாடம்

தேசிய தின அணிவகுப்பில் ரெட் லயன்ஸ் வீரர்கள் குதிக்கும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். வான்குடை விரிந்ததும் "அப்பாடா, விரிஞ்சிடுச்சு!" என்று மூச்சு விடுவோம். ஆபத்து அதோடு முடிந்துவிட்டது என்பது நம் எண்ணம்.

2022-ஆம் ஆண்டு மரீனா பே மிதக்கும் மேடையில் நடந்த அணிவகுப்பில் வீரர் ஒருவர் வேகமாகத் தரையில் மோதி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய வான்குடை விரிந்துதான் இருந்தது.

ஸ்கைடைவிங்கில் வான்குடை விரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நன்றாக விரிந்த வான்குடையைச் சரியாகச் செலுத்தத் தெரியாததும் அதே அளவுக்குக் கவலை தரும் விஷயம் என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்கைடைவிங் கற்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

ஸ்கைடைவிங் அவ்வளவு ஆபத்தா?

முன்பைவிட இப்போது பாதுகாப்பு எவ்வளவோ கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 2021-இல் ஏறக்குறைய 3.5 மில்லியன் முறை குதித்திருக்கிறார்கள். உயிரிழந்தோர் 10 பேர். 1970களில் அங்கு ஆண்டுக்குப் பல பத்து பேர் இறந்தனர்.

இதற்குப் பெரிய காரணம், கருவிகள் மேம்பட்டதுதான். முதன்மை வான்குடை சரியாக விரியாவிட்டால் அதை வெட்டிவிட்டு மாற்று வான்குடையை விரிக்கலாம். குதிப்பவர் மயங்கிவிட்டாலும், குறிப்பிட்ட உயரத்தில் மாற்று வான்குடையைத் தானாகவே விரித்துவிடும் கருவியும் உண்டு.

ஆனால் அந்தக் கருவி, நீங்கள் மிக வேகமாக விழுந்துகொண்டிருந்தால் மட்டுமே வேலை செய்யும். நல்ல வான்குடையோடு 20 மீட்டர் உயரத்தில் தவறான திருப்பம் எடுத்தால் அது உங்களைக் காப்பாற்றாது. அங்கே உங்கள் கைகளும் பழக்கமும்தான் துணை.

வான்குடை என்றால் மெதுவாக மிதந்து இறங்குவதுதானே?

பழைய போர்ப் படங்களில் வரும் வட்டமான வான்குடை அப்படித்தான். இப்போது ஸ்கைடைவர்கள் பயன்படுத்துவது செவ்வக வடிவ வான்குடை. அதற்கு மேலும் கீழும் இரண்டு துணிப்பரப்புகள். நடுவில் வரிசையாக அறைகள். முன்பக்கத் திறப்புகள் வழியாகக் காற்று புகுந்து அறைகளை நிரப்பும்போது, அது விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. காற்றாடிகள் செய்துவந்த டொமினா ஜால்பர்ட் 1960களில் கண்டுபிடித்தது இது.

இறக்கை என்றால் அது முன்னோக்கிப் பறக்கும். பயிற்சி வான்குடைகூட மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதில் பறப்பவர் பயணி இல்லை, விமானி.

செலுத்துவதற்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கும். அவற்றை டாகிள் என்பார்கள். இடது டாகிளை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். வலது டாகிளுக்கு வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறையும். தரையிறங்கும் நேரத்தில் இரண்டையும் ஒருசேரக் கீழே இழுத்து, இறங்கும் வேகத்தைக் குறைப்பதற்கு ஃப்ளேர் என்று பெயர்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அப்புறம் எங்கே சிக்கல்?

எல்லாரும் பயப்படும் அந்தத் தாழ்வான திருப்பம்

டாகிளை வேகமாக இழுத்துத் திரும்பும்போது, நீங்கள் ஊஞ்சல்போல் வான்குடைக்கு வெளிப்பக்கமாக வீசப்படுவீர்கள். வான்குடை மூக்கைத் தாழ்த்திப் பாயும். மீண்டும் அது உங்கள் தலைக்கு நேர்மேலே வந்து நிதானமாகும்வரை உயரம் வேகமாகக் குறையும்.

அது 500 மீட்டர் உயரத்தில் நடந்தால் பரவாயில்லை, ஜாலியாகக்கூட இருக்கும். 20 மீட்டரில் நடந்தால், வான்குடை நிதானமாவதற்குள் தரை வந்துவிடும்.

தெரிந்தே யார் இப்படிச் செய்வார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் பதற்றத்தில் செய்வதுதான். திடீரென்று முன்னால் ஒரு வேலி தெரிகிறது. அல்லது காற்றின் திசையில் இறங்கிக்கொண்டிருப்பது கடைசி நேரத்தில்தான் புரிகிறது. உடனே கை டாகிளை இழுத்துவிடுகிறது.

இன்னொரு காரணம் நம் உடம்பிலேயே இருக்கிறது. விழப்போகிறோம் என்றால் கையை நீட்டித் தரையில் ஊன்றப் பார்ப்போம். அது பிறவிப் பழக்கம். ஆனால் அந்தக் கையில் டாகிள் இருக்கிறதே! வலது கையைக் கீழே நீட்டினால் வலது டாகிளும் சேர்ந்து இறங்கும். வான்குடை அதே பக்கம் திரும்பிச் சாயும். விழாமல் இருக்கச் செய்தது, இன்னும் வேகமாக விழவைத்துவிடும்.

அதனால்தான் பயிற்றுவிப்பாளர்கள் தரையிறங்கும்போது எது முதலில், எது அடுத்தது என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்:

1. வான்குடை சாயாமல், நேராகப் பறக்கட்டும்.
2. தடை எதுவும் இல்லாத திறந்தவெளியில் இறங்குங்கள்.
3. பாதி அளவாவது ஃப்ளேர் செய்யுங்கள்.
4. கால்களைச் சேர்த்துவைத்து, உருண்டு விழத் தயாராக இருங்கள்.

இந்தப் பட்டியலில் "காற்றை எதிர்த்து இறங்கு" என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்றை எதிர்த்து இறங்குவது நல்லதுதான். வான்குடையின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர், காற்றின் வேகம் 15 என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்த்து வந்தால் தரையை ஒப்பிட உங்கள் வேகம் 20-தான். காற்றோடு போனால் 50. வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் காற்றோடு நேராக இறங்கி உருண்டால் சிராய்ப்போடு தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடைசி நொடியில் திரும்பினால் எலும்பு முறியலாம், உயிரும் போகலாம்.

உருண்டு விழுவதெல்லாம் இராணுவத்துக்குத்தானே?

இல்லை. நின்றபடி அழகாக இறங்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் அதையே செய்ய முயல்கிறார்கள். வேகம் அதிகமாக இருக்கும்போது நிற்கப் பார்த்தால் கணுக்காலும் முழங்காலும்தான் பாரத்தைத் தாங்கவேண்டும்.

கால்களையும் முழங்கால்களையும் ஒன்றுசேர்த்து, சற்றே மடக்கிவைத்து இறங்கவேண்டும். பிறகு பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகத் தரையைத் தொட்டபடி உருளவேண்டும். அடி ஒரே இடத்தில் விழாமல் உடம்பு முழுக்கப் பிரிந்துவிடும். பார்க்க ஸ்டைலாக இருக்காது. ஆனால் மறுநாள் நடந்து வேலைக்குப் போகலாம்.

இரண்டு நிமிடப் பயிற்சி போதுமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்க பேராசூட் சங்கத்தின் முதல் நிலை உரிமமான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 முறை குதித்திருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஃப்ளேர் செய்து தரையைத் தொடுவது சுமார் 4 விநாடிகள். 25 முறைக்கு 100 விநாடிகள். அதாவது, ஒருவர் உரிமம் வாங்கும்போது தரைக்கு அருகே வான்குடையைக் கையாண்ட மொத்த அனுபவம் இரண்டு நிமிடம்கூட இல்லை!

இரண்டு நிமிடம் ஓட்டிய ஒருவரின் காரில் ஏறுவீர்களா?

செந்தோசாவில் உள்ள ஐஃபிளை போன்ற காற்றுச் சுரங்கத்தில் பழகியவர்களுக்கும் இது பொருந்தும். அங்கு பல மணிநேரம் பறந்தவர், வானத்தில் விழும்போது உடலை அருமையாகக் கட்டுப்படுத்துவார். ஆனால் சுரங்கத்தில் வான்குடை கிடையாது. அந்த விஷயத்தில் அவரும் புதியவர்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், பயிற்சி நேரம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. 4,000 மீட்டரிலிருந்து குதித்தால் தடையின்றி விழுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வான்குடை விரிந்தபிறகு மாணவர்களுக்குச் சுமார் 5 நிமிடம் கிடைக்கும். பலர் அந்த நேரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அதையே வகுப்பாக மாற்றலாம்.

- வான்குடை விரிந்ததும் அது முழுதாக இருக்கிறதா, திரும்புகிறதா, ஃப்ளேர் ஆகிறதா என்று சோதியுங்கள். கோளாறு இருந்தால், மாற்று வான்குடைக்கு மாறும் முடிவை மாணவர்கள் 760 மீட்டர் உயரத்துக்குள் எடுத்துவிடவேண்டும்.
- உயரத்திலேயே ஐந்தாறு முறை ஃப்ளேர் செய்து பாருங்கள். எவ்வளவு இழுத்தால் வான்குடை நிதானமாகிறது என்று கை உணரட்டும்.
- இரண்டு டாகிள்களையும் பாதிவரை இழுத்துவைத்து, அந்த நிலையிலிருந்தே மெதுவாகத் திரும்பப் பழகுங்கள். இப்படித் திரும்பினால் உயரம் குறைவாகவே இழக்கப்படும். தாழ்வான உயரத்தில் திரும்பியே ஆகவேண்டும் என்றால் இதுதான் கைகொடுக்கும்.
- ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் அந்தப் பக்கம் யாரும் வருகிறார்களா என்று பாருங்கள். உங்களைவிடத் தாழ்வாக இருப்பவருக்கே முன்னுரிமை.

ஒரு குதிப்புக்கு ஒரு பயிற்சி போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டாம். புதிய பயிற்சி எதையும் உங்கள் பயிற்றுவிப்பாளரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

தரையிறங்கும் பாதையை முன்கூட்டியே திட்டமிடுங்கள்

விமானம் ஓடுபாதையை நெருங்குவதுபோல் வான்குடைக்கும் ஒரு பாதை உண்டு. பொதுவாகச் சொல்லித்தருவது இதுதான்:

- சுமார் 300 மீட்டர் உயரத்தில் காற்றின் திசையிலேயே, இறங்கும் இடத்தைப் பக்கவாட்டில் கடந்து செல்லுங்கள்.
- சுமார் 180 மீட்டரில் 90 பாகை திரும்புங்கள்.
- சுமார் 90 மீட்டரில் மீண்டும் 90 பாகை திரும்பி, காற்றை எதிர்த்து நேராக வாருங்கள்.

90 மீட்டர் என்பது ஏறக்குறைய 30 மாடி வீவக புளோக்கின் உயரம். அதற்குக் கீழே புதியவர்களுக்குப் பெரிய திருப்பம் எதுவும் வேண்டாம். ஃப்ளேரைத் தொடங்குவது 3 அல்லது 4 மீட்டரில், அதாவது ஒரு மாடி உயரத்தில்.

அப்போது காலுக்குக் கீழே குனிந்து பார்க்காமல் சற்றுத் தொலைவில் பார்வையை வையுங்கள். நேர் கீழே பார்த்தால் உயரம் சரியாகப் பிடிபடாது. அவசரப்பட்டு உயரத்திலேயே ஃப்ளேர் செய்துவிட்டால் டாகிள்களைச் சட்டென்று விடவேண்டாம். விட்டால் வான்குடை முன்னோக்கிப் பாயும். இழுத்ததை அப்படியே பிடித்தபடி, உருண்டு விழத் தயாராகுங்கள்.

மரங்கள், கட்டடங்களுக்குப் பின்னால் காற்று சுழலும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். தடையின் உயரத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு தூரம்வரை அதன் தாக்கம் இருக்கலாம். 10 மீட்டர் மரம் என்றால் 100 முதல் 200 மீட்டர் வரை.

சின்ன வான்குடைக்கு எப்போது மாறலாம்?

"இந்த வான்குடை ரொம்ப ஸ்லோ, சின்னதுக்கு மாறிடலாமா?" இது பல புதியவர்கள் கேட்கும் கேள்வி.

இதற்கு விங் லோடிங் என்ற அளவு உதவும். நீங்களும் உங்கள் கருவிகளும் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, வான்குடையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுக்கவேண்டும்.

உங்கள் எடை 70 கிலோ, கருவிகள் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 82 கிலோ, அதாவது சுமார் 181 பவுண்டு. 220 சதுர அடி வான்குடையில் விங் லோடிங் 0.82. 150 சதுர அடிக்கு மாறினால் 1.2.

எண்ணில் சின்ன வேறுபாடுதான். ஆனால் வேகம் கூடும், திருப்பம் கூர்மையாகும், அதே அளவு டாகிளை இழுத்தாலும் அதிக உயரம் போகும். தவறைத் திருத்த நேரம் குறையும். புதியவர்கள் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை.

எத்தனை முறை குதித்தீர்கள் என்பதைவிட, இப்போதிருக்கும் வான்குடையில் என்னென்ன செய்ய முடிகிறது என்பதே முக்கியம். நினைத்த இடத்தில் இறங்க முடிகிறதா? பாதி டாகிளில் திரும்பி ஃப்ளேர் செய்ய வருகிறதா? காற்று இல்லாத நாளிலும் நிதானமாக இறங்குகிறீர்களா? இதற்கெல்லாம் "ஆமாம்" என்று சொல்ல முடியாவிட்டால், இன்னும் கொஞ்ச நாள் பெரிய வான்குடையே இருக்கட்டும்.

பதிவுசெய்யும் முன் என்ன கேட்கவேண்டும்?

அமெரிக்க பேராசூட் சங்கத்தின் அடுத்த நிலையான பி உரிமத்துக்குக் குறைந்தது 50 குதிப்புகள் வேண்டும். அதோடு வான்குடையைச் செலுத்தும் தனிப் பயிற்சியை முடித்திருப்பதும் கட்டாயம். இலக்கிலிருந்து 10 மீட்டருக்குள் 10 முறை இறங்கிக் காட்டவும்வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஏ உரிமம் கிடைத்தவுடனேயே அந்த வகுப்பில் சேரலாம்.

தாய்லந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்று கற்றுக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், விலையோடு இவற்றையும் கேளுங்கள்:

- வான்குடையைச் செலுத்தத் தனி வகுப்பு உண்டா?
- தரையிறங்குவதைக் காணொளியில் எடுத்து, போட்டுக் காட்டி விளக்குவார்களா?
- என் எடைக்கு எந்த அளவு வான்குடை தருவீர்கள்?
- எவ்வளவு காற்று அடித்தால் மாணவர்களை நிறுத்திவிடுவீர்கள்? (அமெரிக்கச் சங்கத்தின் வரம்பு மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்.)

காற்று அதிகம் என்று சொல்லி உங்களைத் தரையிலேயே உட்காரவைத்தால் கோபப்படாதீர்கள். டிக்கெட், விடுப்பு எல்லாம் வீணாகிறதே என்று தோன்றும். நாளைக்கும் குதிக்கலாம்.