அந்தியூர்ச் சந்தையும் குதிரை பார்க்கும் சாஸ்திரமும்

ஆடி மாதத்தில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குத் திருப்பூர், காங்கேயம் வட்டாரங்களிலிருந்து செல்வோரில், மாடு பிடிக்க வரும் குடியானவர்களோடு, பனியன் தொழிலில் நாலு காசு சேர்த்துவிட்டுக் குதிரையேற்றம் பழக ஆசை கொண்டவர்களும் இருக்கிறார்கள். திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1799 வரை கொங்குநாட்டின் இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்ததை நோக்கினால், அதை வெறுங்கதை என்று தள்ளிவிடத் தோன்றவில்லை.

தமிழகத்துக்குக் குதிரை நெடுங்காலம் கடல்வழியாகவே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் அது கப்பலிலிருந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்தன என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லாததே அதற்குக் காரணம் என்றும் எழுதிவைத்தார். அரசர்களுக்கே நேர்ந்த இந்த நஷ்டம், வாங்கும் ஆசை மட்டும் இருந்து ஞானம் இல்லாதவர் எவருக்கும் நேரக்கூடியதே.

அந்த ஞானத்தை நம்மவர் இரண்டு இடங்களில் தேடினர். ஒன்று ஏடு: நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரம், சித்திரங்களோடு தஞ்சை சரஸ்வதி மகாலிலிருந்து 1952இல் அச்சேறியிருக்கிறது. மற்றொன்று மந்தை அனுபவம். கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேயவிட்டுக் காங்கேயம் காளைகளை வளர்த்த கொங்குக் குடியானவர், மாட்டுக்குப் பார்த்த சுழியையே குதிரைக்கும் பார்த்தார். நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர் சுழன்றிருக்கும் இடத்தை வைத்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று இன்றும் சந்தையில் விலை ஏறுகிறது, இறங்குகிறது. பரம்பரையான அந்நம்பிக்கையை நான் இகழமாட்டேன். ஆயினும் புதிதாக ஏறப் பழகுபவர் கீழே விழாமலிருக்கச் சுழி துணைசெய்வதில்லை.

துணைசெய்வது பல்லும் குளம்பும் சுபாவமும்தான். இரண்டரை வயதில் முன்பற்களின் நடு ஜோடி விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஐந்து வயதில் வாய் நிறைகிறது. அதன்பின் கீழ்முன்பற்களின் குழிகள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஒவ்வொரு ஜோடியாகத் தேய்ந்து மறைகின்றன. உதட்டைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் வயதைச் சொல்லிவிடும் சந்தைக்காரரின் திறமை, துணியை இரு விரலிடையே தேய்த்துப் பார்த்தே நூலின் தரத்தை உரைக்கும் திருப்பூர் வியாபாரியின் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று. குழி மறைந்த பல் கண்டால் கிழக்குதிரை என்று முகஞ்சுளிப்பது தவறு. சேணத்துக்கும் சந்தடிக்கும் பழகி, பத்து வயதைக் கடந்து, கால் ஊனமில்லாமல் நடக்கும் குதிரையே புதியவருக்கு ஆசானாகும். காது நுனிகள் ஒன்றையொன்று தொட வளைந்து நிற்கும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் அழகில் மயங்கி, கடிவாளம் பிடித்தறியாத கையோடு இளங்குதிரையை ஓட்டிவருவது, ஏறுபவருக்கும் குதிரைக்கும் ஒருசேரத் துன்பம்.

ஆகவே ஆடிச் சந்தைக்குப் போகும் அன்பர்கள் சுழி பார்ப்பவரோடு, லாடம் கட்டிப் பழகிய ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். நான்கு குளம்புகளையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரையே முதலில் ஏறி, கூட்டத்தின் நடுவே நடத்தியும் ஓட்டியும் நிறுத்தியும் காட்டச் சொல்லுங்கள். அவர் ஏறத் தயங்கினால், விலை எவ்வளவு மலிவானாலும் அக்குதிரையை வாங்காதீர்கள்.