மனுவும் வாக்கும் சீதனக் காணியும்

எங்கள் தீவுகளில் "பெட்டிசம்" என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கையெழுத்தில்லாமல் கல்விக் கந்தோருக்கும் கச்சேரிக்கும் போகின்ற மொட்டைக் கடிதத்தைத்தான் ஊரில் பெட்டிசம் என்பார்கள். ஓர் ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தால், "ஆரோ பெட்டிசம் போட்டிட்டினம்" என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால், பழைய மாணவிகளாகிய நாம் இன்று பெரிதாக நினைக்காமலே அனுபவிக்கின்ற உரிமைகள் பல, பெயரும் முகவரியும் எழுதி, கையொப்பம் இட்டு அனுப்பிய மனுக்களால் வந்தவை. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவற்றைப் பற்றி எழுதுவது பொருத்தமென்று எமக்குப் பட்டது.

எமது சங்கத்தைத் தொடக்கிய அக்காமார் முதன்முதலாகக் கூடியபோது அவர்களில் ஒருவருக்கேனும் வாக்குரிமை இருக்கவில்லை. சட்ட நிரூபண சபைக்கு 1924ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர்தான். படிப்பும் சொத்தும் வருமானமும் பார்த்துக் கொடுத்த வாக்கு அது. எல்லோரும் ஆண்கள். நெடுந்தீவில் பனந்தோப்பும் ஊர்காவற்றுறையில் கல்வீடும் தன் பெயரில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சொத்து வாக்கைத் தரவில்லை. அவளிடம் பயின்ற ஒரு பையன் வளர்ந்து, உத்தியோகம் பெற்று, வாக்காளனாகலாம். அவளுக்கு அது இல்லை.

வாக்குரிமைப் பேச்சு கொழும்பில் தொடங்கியது. 1925இல் இலங்கைத் தேசிய காங்கிரசில் பெண்களுக்கு வாக்கு வேண்டுமென்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆக்னஸ் டி சில்வா. 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க இலங்கைக்கு வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. டயஸ் பண்டாரநாயக்கா சீமாட்டி அதன் தலைவி, ஆக்னஸ் டி சில்வா செயலாளர். கனடாவில் பிறந்து, வைத்தியராக இங்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் அம்மையாரும் அதிலே இருந்தார். ஆணைக்குழு நாட்டில் தங்கியிருந்ததோ சில வாரங்கள்தான். சங்கம் கூட்டி, கோரிக்கை எழுதி, நேரம் கேட்டு, ஆணையாளர் முன் போய் நின்று சாட்சியம் சொல்வதை எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் அவர்கள் செய்து முடித்தார்கள். ஒரு சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் அனுப்ப நாம் எடுக்கும் காலத்தை நினைத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும்.

அந்தச் சாட்சியத்தின்போது ஆணையாளர்கள் கேட்ட ஒரு கேள்வியை ஆக்னஸ் டி சில்வா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்பது கேள்வி. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பது அவருடைய பதிலின் சாரம். படித்த, வசதியான பெண்கள் தமக்கு மட்டும் கேட்டிருந்தால் கேட்ட அளவோடு கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். 1928இல் வெளியான அறிக்கை ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு என்று பரிந்துரைத்தது. முடிவில் இருபாலாருக்கும் 21 என்றே சட்டமாயிற்று. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு 21 வயதில் வாக்குக் கிடைத்தது 1928இல்தான். பிரான்சுப் பெண்களுக்கு 1944 வரையும், சுவிற்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்நாடுகளில் வாழும் எம் சகோதரிகள் இதை அங்குள்ள அயலவருக்குச் சொல்லிப் பார்க்கலாம், நம்பமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் "தமிழ் மகள்" என்ற இதழைத் தொடங்கிப் பெண்களின் காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர்களின் மனமோ அந்தப் பக்கம் சாயவில்லை. பெண் பிள்ளைகளுக்கென்று 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்தார். டொனமூர்த் திட்டத்துக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு 1930இல், தம் முதிய வயதில், இலண்டனுக்கும் போய் வந்தார். பெண்ணுக்கும் சாதியிற் குறைந்தவரென்று ஒதுக்கப்பட்டவர்க்கும் வாக்குச் சேர்வதை அவரால் ஏற்க முடியவில்லை. அவருடைய கல்வித் தொண்டை மதிக்கின்ற நாம் இதையும் சேர்த்தே எழுத வேண்டும். சட்ட நிரூபண சபையில் 1929 டிசம்பரில் சீர்திருத்தம் 19க்கு 17 என்ற கணக்கில் நிறைவேறியபோது தமிழ் உறுப்பினர்கள் எதிர்த்தே வாக்களித்தார்கள். இனவாரிப் பிரதிநிதித்துவம் போய்விடுகிறதே என்ற கவலை அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. அந்தக் கவலையிற் பொருளில்லை என்றும் சொல்ல முடியாது.

அதன் பின் நடந்தது விசித்திரம். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், தீண்டாமையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. எம் ஊர்ச் சமூகத்தில் அக்காலத்தில் அதைவிட முற்போக்கான சபை இருந்ததில்லை. 1931 ஏப்பிரலில் அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாய. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை, ஆகையால் தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று அம்மாநாடு முடிவு செய்தது. மே மாதம் நியமனப் பத்திரம் ஏற்கும் நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் எவரும் முன்வரவில்லை. நாட்டில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள். தெற்கிலே பெண்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். தீவுப் பெண்களுக்கோ கையில் வந்த வாக்கைப் போட இடமில்லை. சுயராச்சியம் கேட்ட இளைஞர்களின் நோக்கம் உயர்ந்ததே. இருந்தாலும், முதன்முதலாக வாக்குப் பெற்ற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்வி எமக்கு எழாமல் இல்லை.

ஊர்காவற்றுறைக்கு அரசாங்க சபை உறுப்பினர் ஒருவர் வந்தது 1934 இடைத்தேர்தலோடு. நெவின்ஸ் செல்வதுரை அவர். 1936இல் வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி தெரிவாகி, சபாநாயகராகி, 1947 வரை அந்த ஆசனத்தில் இருந்தார். இதற்கிடையில் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து 1932இல் வெற்றி பெற்று அரசாங்க சபைக்குப் போன முதல் தமிழ்ப் பெண்மணியானார். அவருக்கு அந்த வழி திறந்ததும் ஒரு மனுவால்தான். அவருடைய கணவரின் தெரிவு தேர்தல் மனுவொன்றால் தள்ளுபடியாக, இடைத்தேர்தலில் அவர் நின்றார். எமது தொகுதியின் உறுப்பினர் வரிசையை எழுதிப் பார்த்தோம். செல்வதுரை, துரைசுவாமி, தம்பிஐயா, கந்தையா, நவரத்தினம், இரத்தினம் என்று போகிறது. ஒரு பெண்ணின் பெயர் இல்லை.

மனு என்றால் எல்லாமே நியாயத்துக்காக எழுதப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்திலும் திண்ணையிலும் இருத்தப்பட்ட காலம் அது. 1927இல் யோவேல் போல் முதலானோர் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கத்தை அமைத்தார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டுமென்று 1929இல் கல்விப் பகுதி உத்தரவிட்டது. உடனே அந்த உத்தரவை நீக்கும்படி யாழ்ப்பாணத்திலிருந்து மனுக்கள் போயின. உத்தரவை நடைமுறைப்படுத்திய சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு பக்கத்தில் பிள்ளைக்கு வாங்கில் இடம் கேட்ட மனு, மறு பக்கத்தில் அந்த வாங்கை எடுத்துவிடும்படி கேட்ட மனு. இரண்டும் "தாழ்மையுடன் விண்ணப்பிக்கிறோம்" என்று ஒரே வாசகத்தில் எழுதப்பட்டிருக்கும். பாடசாலை மலர்கள் வழக்கமாக இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. எங்களோடு படித்த தோழிகளில் சிலருடைய பாட்டிமார் ஏன் பாடசாலைக்கே வரவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் நாம் தாண்டவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல், 21ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. கோயில் வாசலும் தேநீர்க் கடையும் திறப்பதற்கு அதன் பிறகும் போராட வேண்டியிருந்தது.

ஆக்னஸ் டி சில்வா யாருக்காகப் பதில் சொன்னாரோ அந்தத் தோட்டப் பெண்கள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கை இழந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பப் பெறும்வரை அரை நூற்றாண்டு மனு எழுதினார்கள்.

இனி, எம் வீட்டுக்குள் இருக்கும் விடயத்துக்கு வருவோம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை, பெண்ணுக்குச் சீதனக் காணியைக் கொடுத்தது. அதைக் கேட்டு வெளிநாட்டுத் தோழிகள் வியப்பார்கள். ஆனால், 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நகையை விற்கலாம், மரணசாசனம் எழுதலாம். காணிக்கு மட்டும் அவன் கையொப்பம். கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களை 1923ஆம் ஆண்டு விவாகமான பெண்கள் ஆதனச் சட்டம் இத்தகைய கட்டிலிருந்து விடுவித்தபோது தேசவழமைக்குட்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 1947இல் தேசவழமைச் சட்டம் திருத்தப்பட்டது. தேடிய தேட்டத்தைப் பற்றிய விதிகள் மாறின, சம்மத விதி மாறவில்லை.

சமாதான காலத்தில் இது ஒரு சடங்கு. நொத்தாரிசு வீட்டுக்கு இருவரும் போவார்கள், அவர் காட்டிய இடத்தில் கணவன் ஒப்பமிடுவான், தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். கணவன் எங்கேயென்று தெரியாதபோதுதான் அது பூட்டாகிறது. 1990க்குப் பின் எங்கள் தீவுகளில் அப்படி எத்தனை வீடுகள் என்பதை இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் படிப்புக்கோ பயணத்துக்கோ சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க நினைத்த பெண்ணிடம், "அவருடைய கையெழுத்து வேணும் பிள்ளை" என்றால் அவள் எங்கே போவாள்?

சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், சித்தம் தடுமாறியிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், பெண் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து நீதிமன்றத்தின் அனுமதியோடு காணியைக் கையாளலாம் என்கிறது. இது தெரியாமல் சிலர் மரணச் சான்றிதழ் எடுக்கும்படி வற்புறுத்தப்பட்டார்கள். உயிரோடு இருப்பார் என்று காத்திருக்கும் மனைவியிடம் அதைக் கேட்பது எவ்வளவு கொடுமை! காணாமற் போனவரை இறந்தவரென்று பதியாமலே குடும்பத்தின் அலுவல்களைப் பார்ப்பதற்கு "காணாமைச் சான்றிதழ்" 2016ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதுவும் பெண்கள் படத்தைக் கையில் ஏந்தி, ஆணைக்குழுக்கள் ஒவ்வொன்றின் முன்னும் அதே கதையை எழுதிக் கொடுத்ததன் பின்னர்தான்.

புலம்பெயர்ந்த சகோதரிகளுக்கு இன்னொன்று. இலங்கைப் பிரசாவுரிமை நெடுங்காலம் தந்தை வழியாகவே பிள்ளைக்குச் சென்றது. தாய் இலங்கையர், தந்தை வேற்று நாட்டவர் என்றால் பிள்ளைக்கு உரிமை இல்லை. 2003ஆம் ஆண்டு 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய் வழியையும் ஏற்றுக்கொண்டது. பிரதேச சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நேசம் சரவணமுத்து சபைக்குப் போய் அப்போது 86 ஆண்டுகள்.

இன்று ஒரு பிரசைக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டிய மனு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அரச அலுவலர் ஒருவரால் சமத்துவ உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியைக் கண்டு, கொழும்புக்குக் கடதாசி போய்ச் சேருவதற்குள் அந்த மாதம் போய்விடும், கடல் கொந்தளித்தால் இன்னும் விரைவாக. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

எம் பாட்டிமாரின் ட்ரங்குப் பெட்டிகளில், சீதன உறுதிகளுக்கு இடையில், பழைய மனுக்களின் பிரதிகள் மடிந்து கிடக்கக்கூடும். புறக்டர் எழுதிக் கொடுத்ததோ, தாமே எழுதியதோ, விதானையார் ஊடாக மணியகாரருக்குப் போனதோ, எதுவானாலும் சரி. கண்டெடுத்தால் மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு படப்பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். ஒப்பமிட்டவரின் பெயர், ஊர், எழுதிய ஆண்டு மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.