சுவிட்ச் யார் கையில்?

1984-ல் திருவான்மியூரில் எங்கள் தெருவில் மொத்தமே மூன்று டி.வி.தான். எந்தெந்த வீட்டில் என்று யாரையும் கேட்கவேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும். மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஓர் ஆன்டெனா நிற்கும். அதன் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். காக்கா பறந்தால், கீழே செய்தி வாசித்துக்கொண்டிருக்கும் ஷோபனா ரவி ஆடிப்போவார்!

"வடக்கே திருப்புடா... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... போச்சு, மறுபடியும் புள்ளி புள்ளியா வருது!"

மாடியில் ஒருவர், ஜன்னலோரம் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் என்று மூன்று பேர் கத்திக்கொண்டே செய்யவேண்டிய காரியம் அது. கடற்காற்றின் உப்பில் இரும்புக் குழாய் துருப்பிடித்து, ஆன்டெனா தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். அதைப் பிடித்து வடக்கே திருப்பவேண்டும். தூர்தர்ஷன் நிலையம் இருப்பது எங்களுக்கு வடக்கே, சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில்.

ஆனால், வடக்கே திருப்பினால் இரண்டு விதமான நிகழ்ச்சிகள் வந்தன. ஒன்று, சேப்பாக்கத்திலேயே தயாராகி வருவது. இன்னொன்று, அதற்கும் ரொம்ப வடக்கே, டெல்லியிலிருந்து வருவது. எண்பதுகளில் ஒவ்வொரு ராத்திரியும் இந்த இரண்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் ஒரு யுத்தம் நடந்தது. உங்களுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்குமானால், அந்த யுத்தத்தில் நீங்களும் ஒரு சிப்பாய். உங்கள் ஆயுதம், டி.வி.யின் சுவிட்ச்.

யுத்தம் எதற்காக? 'பிரைம் டைம்' என்ற இரண்டு மூன்று மணி நேரத்துக்காக.

இந்த வார்த்தை அமெரிக்கச் சரக்கு. ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு, குடும்பமே சோபாவில் சாய்கிற நேரம். அங்கே அது ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்று மூன்றே மூன்று நெட்வொர்க்குகள் அமெரிக்காவின் ராத்திரியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. 'டல்லாஸ்' தொடரில் ஜே.ஆர். என்கிற வில்லனை யாரோ சுட்டுவிட, சுட்டது யார் என்று தெரியாமல் தேசமே மண்டையை உடைத்துக்கொண்டது. விடை சொன்ன 1980 நவம்பர் 21 அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள் எட்டு கோடிக்கும் மேல்! 1983 பிப்ரவரி 28 அன்று 'மாஷ்' தொடரின் கடைசிப் பகுதிக்குப் பத்துக் கோடிக்கும் மேல். அதில் முப்பது விநாடி விளம்பரத்துக்குக் கட்டணம் நாலரை லட்சம் டாலர்.

மூன்று கடைக்காரர்கள் ஒரே வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அவன் ராஜா ஆகிவிடுவான். அமெரிக்க ரசிகனுக்கு ஒன்று பிடிக்கவில்லையென்றால் சேனலைத் திருப்பிவிடுவான். ரேட்டிங் விழும், தொடரை இழுத்து மூடிவிடுவார்கள். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் தயவு தாட்சண்யமே கிடையாது.

நம் ஊரில்? கடையே ஒன்றுதான். அதுவும் அரசாங்கக் கடை. ரேஷன் கடை மாதிரி, போட்டதை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இந்தக் கடை திறந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இந்தியாவில் டி.வி. பிறந்தது டெல்லியில், 1959 செப்டம்பர் 15 அன்று. பரிசோதனைக்காக, வாரத்துக்குச் சில மணித்துளிகள். அது மெட்ராஸ் வந்து சேரப் பதினாறு வருஷம் ஆயிற்று: 1975 ஆகஸ்ட் 15. முதலில் உள்ளூர்ச் சமாசாரம்தான் பிரதானம். 'வயலும் வாழ்வும்', குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா', செவ்வாய்க்கிழமை நாடகம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி'...

பிறகு வந்தது 1982. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக அவசர அவசரமாகக் கலர் வந்தது. அந்த ஆகஸ்ட் 15-லிருந்து 'தேசிய நிகழ்ச்சி' என்ற ஒன்றும் கூடவே வந்தது. ராத்திரி எட்டரையைத் தாண்டினால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா நிலையங்களும் டெல்லிக்கு வழிவிட்டாக வேண்டும். அடுத்த வருஷமே இன்சாட்-1பி விண்ணுக்குப் போனது. அமெரிக்காவின் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் தயாரித்த செயற்கைக்கோள். கொண்டுபோய் விட்டதும் அமெரிக்கச் சேலஞ்சர் விண்கலம்தான். 1984-ல் நாளுக்கொரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் ஊர் ஊராக நட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். வெளியூர்களில் நட்ட அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களின் வேலை, செயற்கைக்கோள் வழியாக வரும் டெல்லி நிகழ்ச்சியை அப்படியே வாங்கி விடுவதுதான். சேப்பாக்கத்தின் தமிழ் நிகழ்ச்சி அங்கெல்லாம் போய்ச்சேர வருஷக்கணக்கில் ஆனது. அதாவது, தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு டி.வி. வந்துவிட்டது, டி.வி.யில் தமிழ் வரவில்லை! ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் ஆன்டெனாவைத் தெற்கே இலங்கைப் பக்கம் திருப்பி, 1982-ல் தொடங்கிய ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் சிங்களம்தான் அதிகம். இருந்தாலும், பக்கத்து வீட்டு மோர் தேவலை என்ற கதை.

டெல்லியிலும் சும்மா இருக்கவில்லை. செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோவுக்குப் போனார். குடும்பக் கதைக்குள் குடும்பக் கட்டுப்பாட்டை வைத்து, மிகேல் சபிதோ என்பவர் அங்கே வெற்றிகரமாகத் தொடர்கள் எடுத்திருந்தார். அதே பாணியில் மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, 1984 ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' தொடங்கியது. ஸ்பான்சர், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழைய நடிகர் அசோக் குமார் வந்து நாலு வார்த்தை புத்தி சொல்வார். வட இந்தியா சொக்கிப்போனது. கடிதங்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன.

'ஹம் லோக்' என்றால் 'நாம்' என்று அர்த்தம். திருவான்மியூரில் அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது 'அவர்கள்' கதை!

எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்பு - வெள்ளை சாலிடேர் வந்ததும் அந்த வருஷம்தான். கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி ஷட்டர் வைத்த மரப் பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். அரை மணி நேரம், ஐந்தாறு சினிமாப் பாட்டு, அவ்வளவுதான். அதில் ஒன்று புதுப் பாட்டாக இருந்துவிட்டால் கைதட்டல். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தமிழ்ப் படம். அப்போது செருப்புகள் வாசல் படியைத் தாண்டித் தெருவுக்கே போய்விடும். பஸ் காலியாக ஓடும். கல்யாண வீட்டுக்காரர்கள் படம் முடிந்துதான் கூட்டம் வரும் என்று காத்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு டெல்லி வரும். கூடத்திலிருந்து செருப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஈஸி சேரிலிருந்து அப்பா எழுந்து வருவார். ஹிந்திச் செய்தியின் முதல் வாக்கியம் முடிவதற்குள், 'டக்'. வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணையும் திரை. ஷட்டரையும் இழுத்து மூடிவிடுவார்.

அப்பா 1965-ல் காலேஜ் மாணவர். அந்த வருஷம் ஜனவரி 26 முதல் ஹிந்தி ஆட்சிமொழியாக ஆகவிருந்தது. அதற்கு முதல் நாள், ஜனவரி 25, மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்து மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அரசாங்கக் கணக்கின்படியே ஏறக்குறைய எழுபது உயிர்கள் போயின. அப்பாவுக்குப் போனது உயிர் இல்லை. முழங்கையில் ஒரு தழும்போடு தப்பித்தார். சுவிட்சை அணைக்க நீள்கிற கை அந்தக் கைதான்.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதுதான் நடந்தது. கோஷமில்லை, கொடியில்லை. அமெரிக்க ரசிகனுக்குத் திருப்ப மூன்று சேனல் இருந்தது. நமக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதனால் திருப்பவில்லை, அணைத்தோம். ரேட்டிங் என்ற வார்த்தையே தெரியாத காலத்தில் தமிழர்கள் ராத்திரிதோறும் போட்ட ரேட்டிங் அது!

இனிமேல்தான் கதையில் திருப்பம்.

1986 நவம்பரில் மறுபடியும் மொழிப் போராட்டம் சூடுபிடித்தது. புதிய கல்விக் கொள்கை வழியாக ஹிந்தி வருகிறது என்று தி.மு.க. களமிறங்கியது. அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை நகலெடுத்துக் கொளுத்தினார்கள். கருணாநிதி சிறைக்குப் போனார். அன்பழகன் உட்படப் பத்து எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். ஊரெல்லாம் இதே பேச்சு.

சரியாக இரண்டே மாதம். 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. தேதியைக் கவனியுங்கள். மொழிப்போர்த் தியாகிகளுக்குத் தமிழ்நாடு அஞ்சலி செலுத்துகிற நாள். அன்று காலை ஒன்பதரை மணிக்கு டெல்லியிலிருந்து ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. சுத்தமான, சமஸ்கிருதம் கலந்த ஹிந்தி. சப்-டைட்டில் என்ற பேச்சே இல்லை.

எங்கள் கூடம் நிரம்பிவிட்டது. பின் வரிசையில் ஒரு மாமி. தி.நகர் ஹிந்திப் பிரசார சபாவின் பரீட்சைகளில் 'மத்யமா' வரை பாஸ் செய்தவர். இத்தனை நாள் அந்தப் படிப்புக்குத் தெருவில் மரியாதை இருந்ததில்லை. அன்று அவருக்கு நாற்காலி போட்டார்கள்! "இப்ப தசரதர் என்ன சொல்றார்னா..." என்று அவர் ஆரம்பித்தால், "உஷ், எங்களுக்குத் தெரியும்" என்றார்கள் பாட்டிகள்.

நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நிகழ்ச்சி முடியும் வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

முடிந்ததும் அம்மா குறும்பாகக் கேட்டாள்: "என்ன, ஹிந்தி புரிஞ்சுதா?"

"கதையை எழுதினவர் நம்ம ஊர்க்காரர். எனக்குப் புரியாதா?"

திருவான்மியூரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும். வால்மீகி முனிவர் இங்கே மருந்தீஸ்வரரை வழிபட்டதாக ஐதீகம். ஊர்ப் பெயரே 'திருவான்மீகியூர்' என்பதன் சுருக்கம் என்பார்கள். வால்மீகி நகர் என்று ஒரு பேட்டையே உண்டு. அவருக்கு ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது.

அன்று ராத்திரி வழக்கம்போல ஹிந்திச் செய்தி வந்தது. அப்பா எழுந்தார். 'டக்'.

இது முரண்பாடு என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அப்பாவின் சண்டை மொழியோடு இல்லை. அனுமதி கேட்காமல் கூடத்துக்குள் நுழைகிறவர்களோடு. ராமனை அவர் உள்ளே கூப்பிட்டார், அதனால் அவன் எந்த மொழி பேசினாலும் பரவாயில்லை. செய்தியை அவர் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் கவனித்தீர்களா? டெல்லி கஷ்டப்பட்டு வளைத்துப் போட்டது ராத்திரி ஒன்பது மணியை. அது கடைசி வரை தமிழ்நாட்டின் பிரைம் டைம் ஆகவே இல்லை. யாருமே மதிக்காத ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை, ராமாயணத்தாலும் பின்னால் வந்த 'மகாபாரத்'தாலும் பிரைம் டைம் ஆனது. பிரைம் டைம் கடிகாரத்தில் இல்லை சார், ஜனங்கள் மனசில் இருக்கிறது. (வட இந்திய அரசியலில் இந்தத் தொடரின் பாதிப்பு பற்றித் தனிப் புத்தகங்களே உண்டு. அது வேறு கதை.)

அமெரிக்காவில் அந்த மூன்று ராஜாக்களின் கோட்டையைக் கேபிள் டி.வி. அரித்தது. எழுபதுகளின் கடைசியில் பத்தில் ஒன்பது ரசிகர்கள் அவர்கள் கையில் இருந்தார்கள். எண்பதுகள் முடியும்போது அது ஆறேழாகக் குறைந்தது. நம் ஊரிலும் அதே கேபிள்தான் வந்தது. 1991 வளைகுடா யுத்தத்தின்போது மொட்டை மாடிகளில் மீன் முள்ளுக்குப் பக்கத்தில் குடை முளைத்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. பிறந்தது. டெல்லிக்கு விட்டுக்கொடுத்த ராத்திரி ஒன்பது மணி, ஒரு சண்டையும் போடாமல் தமிழுக்குத் திரும்ப வந்துவிட்டது. அரை மணி நேர 'ஒளியும் ஒலியும்' இருபத்து நாலு மணி நேரமாக நீண்டது.

நீண்டதும், தெரு எங்கள் கூடத்துக்கு வருவது நின்றுபோனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கொரிய மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

"புரியுதாடீ?" என்றேன்.

"கதை புரியுதுப்பா" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவள் தாத்தாவின் பேத்தி! திணித்தால் நாலு வார்த்தைகூட உள்ளே போகாது. நாமாகக் கூப்பிட்டால் ஏழு கடல் தாண்டியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தைக் கற்றுக்கொள்ள ஒரு அரசாங்கத்துக்குச் செயற்கைக்கோள் எல்லாம் தேவையில்லை. எண்பதுகளில் ஏதாவது ஒரு ராத்திரி, எட்டே முக்கால் மணிக்குத் திருவான்மியூரில் ஒரு தெருவில் நின்று, 'டக்... டக்...' என்ற சத்தத்தை எண்ணியிருந்தால் போதும்.